எல்லாருக்கும் அஞ்சு

நேத்து போன்ல அவ்ளோ சந்தோஷமா பேசினே பாரு பிரமிளா, அதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலம்மா. நம்ம கோயில் பொம்பளைங்க எல்லாருமே கிளினிக்குக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருக்காங்க அத்தை, நர்சு சொல்றது அவங்களுக்கு நல்லாவே புரியுதாம், அதனால நர்சுங்க படிக்கிற பாடத்த மாத்தணும்னு ஆராய்ச்சியில எழுதின பகுதிய எடுத்துடப் போறேன்னே. வெள்ளிக்கிழமை அனுப்பணும்னும் சொன்னே. அனுப்பாதே. முதல்ல இதப் படி.

போன்ல சொன்னா நீ நடுவுல பரவால்ல அத்தைம்பே, நானும் நிறுத்திடுவேன். அதான் கையால எழுதி, போட்டோ புடிச்சு வாட்சப்புல போடுறேன். கோணலா இருந்தா மன்னிச்சுக்க, எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துல ஆறாவதோட நின்னவ எழுத்து. அம்மன் புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். உங்கப்பாவுக்கு பிரஷர் எறங்கிருக்கு, ஆனா எண்ணெ சொட்டுற ரொட்டி சானாய மட்டும் விடமாட்டேங்கிறாரு, நீ சொன்னாத்தான் கேப்பாரு. அடிலெய்டுல வெயில் மண்டையப் பொளக்குதாமே, தண்ணி நிறைய குடி.

விஷயத்துக்கு வர்றேன். நீ டிசம்பர்ல வந்தப்ப அந்தக் கேள்வி அடிச்ச பாரத்தையெல்லாம் குடுத்துட்டு என்ன சொன்னே? ஒவ்வொருத்தரா தனியா உக்கார வச்சுக் கேளுங்க, பேர் எழுதாதீங்க, அவங்க சொல்றத மட்டும் போடுங்கன்னே. நானும் தலையாட்டினேன். ஆனா ஃபிளாட்டு ஃபிளாட்டா மாடி ஏறி யாரு போறது? தை வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பிரசாதத்துக்கு உக்காந்திருக்கறப்ப மொத்தமா கேட்டுட்டேன். அம்மனுக்கு எதிர்ல. சத்தமா கேள்வியப் படிச்சு, ஒண்ணுன்னா மோசம், அஞ்சுன்னா ரொம்ப நல்லதுன்னு சொன்னேன். அதோட வாய மூடினேனா? சன்னதியில உக்காந்துகிட்டு வைத்தியம் பாக்கறவங்களக் குறை சொல்லாதீங்க, பாவம்னு சேத்து வச்சேன். காமினி இருக்காளே, வாய்க்காரி, எல்லாத்துக்கும் அஞ்சே போடுங்க லா, அக்கா ரெண்டு கரண்டி சுண்டல் சேத்துத் தருவாங்கன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அஞ்சு, அஞ்சுன்னு போயிருச்சு. ஒருத்தியும் குறை சொல்லல. உனக்கு உதவிட்டோம்னு நான் வேற சூடம் ஏத்தி கும்பிட்டேன். என் புத்தியப் பாரு.

அந்தக் கூட்டத்துல சந்திரிகான்னு ஒருத்தி இருந்தா. உனக்குத் தெரியாது. லிட்டில் இந்தியாவுல ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுறவ, நாப்பத்தெட்டு வயசு, சக்கர வியாதி. அதுக்கு முந்தின வாரந்தான் கால் வெரல்ல கொப்புளம்னு கிளினிக்குக்குப் போயிருக்கா. நர்சு இஸ்ஸதி சின்னப் பொண்ணு, தங்கமானவ. தண்ணி படக்கூடாது, வாரம் ரெண்டு தடவ வந்து புண்ணுக்குக் கட்டு மாத்திக்கணும்னு மலாய்ல கடகடன்னு சொல்லிட்டு, ஃபஹாம்? புரிஞ்சுதான்னு கேட்டிருக்கா. நம்ம ஆளுக்கு பசார்ல மீன் வாங்கற மலாய்தான் தெரியும். பின்னால இருபது பேரு வரிசையில நிக்கறாங்க, மறுபடி கேக்க வெக்கம். ஃபஹாம்னு தலையாட்டிட்டு நேரா கடைக்குப் போயி தண்ணியில நின்னுட்டா. மஞ்ச வச்சுக் கட்டிக்கிட்டே ரெண்டு மாசம் ஓட்டிருக்கா.

போன திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரியில பாதி பாதத்த எடுத்துட்டாங்கம்மா.

நான் பாக்கப் போனப்ப இஸ்ஸதியும் ஆரஞ்சு வாங்கிகிட்டு வந்திருந்தா. வெளிய வந்து அழுதா. நாங்க படிச்சப்ப, புரிஞ்சுதான்னு கேட்டு டிக் போடத்தான் சொல்லிக் குடுத்தாங்க ஆன்ட்டி, நான் சொன்னத அவங்கள திருப்பிச் சொல்ல வைக்கணும்னு யாரும் சொல்லித் தரலன்னா. நீ மூணு வருஷமா மாத்தணும் மாத்தணும்னு எழுதறது இதத்தானே? நானும் டிக்தானே போட்டேன்?

அந்தப் பாரத்தையெல்லாம் கணக்குல சேக்காதே. ஆனா தூக்கிப் போட்டுட்டு சும்மாவும் இருந்துடாதே, அப்புறம் எங்க பொம்பளைங்க யாருமே உன் ஆராய்ச்சியில இல்லாமப் போயிடுவாங்க. உன் வாத்தியாரம்மாகிட்ட, அத்தை பண்ண தப்புன்னே சொல்லி கொஞ்ச நாள் தவணை கேளு. நான் மறுபடி கேக்க மாட்டேன். என் மூஞ்சியப் பாத்தா பழைய பதிலத்தான் சொல்லுவாங்க. தமிழ் பேசுற வேற ஆள அனுப்பு. நானே மாடி ஏறி ஒவ்வொரு வீடா கூட்டிட்டுப் போயி வாசல்ல விட்டுட்டு, கீழ வந்து நின்னுக்கறேன்.

உன் படிப்பு என்னால கெட்டுடக் கூடாதுன்னு தினமும் வெளக்கேத்துறேன். கோவம்னா திட்டியாவது ரெண்டு வரி அனுப்பு, பேசாம மட்டும் இருந்துடாதே. அம்மன் உன் கையப் புடிச்சு உள்ளத உள்ளபடி எழுத வைக்கட்டும்.

உன் அத்தை,
தவமணி

பேரு போட்டப்புறம் இப்பத்தான் ஞாபகம் வருது. ஒருத்தியும் குறை சொல்லலன்னு மேல எழுதிருக்கேன்ல, அது சரியில்ல. நர்சு சொன்னது புரிஞ்சுதாங்கற கேள்விக்கு சந்திரிகா முதல்ல ரெண்டுன்னுதான் சொன்னா. நான் அம்மன் பக்கம் கையக் காட்டினேன். அப்புறந்தான் அஞ்சுன்னா.