முப்பது குடத்து மரியாதை

மழை தவறிய ஆண்டிலும் சொல் தவறாத குன்றக்கோட்டை உடைய செங்கோதை நாச்சியார், கடல் காவல் கொண்ட உப்பளநாடு உடையவரும் தம் தாயுடன் பிறந்த அம்மானுமாகிய ஆழித்தேவர் திருமுன் விடுத்த ஓலை. உம் அளங்களில் உப்புப் பூக்க, உம் கலங்கள் கரை சேர, உம் இல்லத்தார் யாவரும் நோயின்றி நெடிது வாழ்க.

உம் ஓலை கண்டோம். உம் தூதர் கடம்பவேளாரைப் பிணத்துக்குச் செய்வதுபோல் ஓட்டைக் கலத்தால் நீராட்டி இழிவு செய்த வெள்ளச்சி என்பவளை வரும் அமாவாசைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் உப்பு வண்டி ஒன்றும் கணவாயைக் கடவாது என்றும் எழுதியிருந்தீர். விடை சொல்லுமுன் நடந்ததைச் சொல்கிறோம், பொறுத்துக் கேட்டருள்க. அவரவர் பேசியதை அவரவர் வாய்ப்படியே பொறிக்கப் பணித்திருக்கிறோம். ஓலை எழுதுபவர் அதையெல்லாம் செந்தமிழாக்கப் பார்த்தார், தடுத்துவிட்டோம்.

குன்றக்கோட்டைக்குள் ஊற்று இல்லை என்பது நீர் அறிந்ததே. அடிவாரக் கிணற்று நீரை முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள் சுமந்து வந்து, நீராட்டு மண்டபத்தின் மேல்தொட்டியில் கொட்டுவார்கள். அங்கிருந்து கல்லில் செதுக்கிய யாளியின் வாய் வழியே அது விருந்தினர் தலையில் விழும். வணிகருக்குப் பத்துக் குடம், படைத்தலைவருக்கு இருபது, அரசரின் தூதருக்கு முப்பது. விழும் நீர் எவ்வளவு தடிப்போ அவ்வளவு மரியாதை.

வெள்ளச்சி அம்மண்டபத்தின் பொறுப்பாளர். அதற்குமுன் இருபது ஆண்டுகள் அதே படிகளில் குடம் சுமந்தவள். எந்தப் படி வழுக்கும், எந்தப் படியில் மூச்சு வாங்கும் என்று அவள் கால்களுக்குத் தெரியும். இந்த மாசியில் நீர் கீழிறங்கியதால் கிணற்றுக் கயிற்றை இரண்டு ஆள் நீளம் நீட்டிக் கட்டினார்கள். அடிவாரத்துக் கீழத்தெருவில் வீட்டுக்கு இரண்டு குடம்தான் என்றாயிற்று. அப்போதும் மண்டபத்தில் யாளி முப்பது குடத்தைக் கக்கியது. அதில் பாதி, குளிப்பவர் மேனியைத் தொடாமலே சாக்கடைக்கு ஓடியது. நாள்தோறும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் செம்பு வார்க்கும் கன்னார் அம்பலவனிடம் போனாள். மலைக்கோயிலில் இறைவனுக்கு நீராட்டும் தாரைத் தட்டை, அதாவது நூறு துளைகளுள்ள செம்புத் தட்டை, செய்தவர் அவர்தான்.

“சாமிக்குச் செஞ்சத மனுசனுக்குச் செய்யச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?” என்றார் அம்பலவன்.

“சாமிக்கு ஒரு குடம் போதுது. மனுசனுக்கு மட்டும் ஏன் முப்பது? அதத்தான் அண்ணே கேக்குறேன்.”

முதலில் செய்தது மாட்டு வாய் எச்சில்போல் வழிந்தது. அடுத்ததில் துளைகள் மிகச் சிறுத்து, நீர் நெருஞ்சியாய்க் குத்தியது; கட்டிய சேலையோடு அதன்கீழ் நின்று பார்த்த வெள்ளச்சி இரண்டே எட்டில் வெளியே வந்தாள். அம்பலவன் சிரித்ததற்கு அவள் சொன்ன மறுமொழியை மட்டும் இங்கே எழுதவில்லை. மூன்றாவது, தாமரைப் பூவின் நடுவிலுள்ள பொகுட்டின் வடிவில் எழுபத்திரண்டு கண்களோடு வந்தது. ஓரத்துக் கண்கள் சற்றே வெளிப்புறம் சாய்ந்தவை. கழுத்தில் ஒரு திருகு. சீயக்காய் தேய்க்கும்போது நீரை நிறுத்தி வைக்கலாம். தலையும் நனைந்தது, தோளும் நனைந்தது, முதுகும் நனைந்தது. எட்டுக் குடமே தாராளமாகப் போதுமாக இருந்தது.

அவள் செய்த பிழை ஒன்றே. யாரிடமும் சொல்லாமல், உம் தூதர் வந்த நாளிலேயே அதை யாளியின் வாயில் பொருத்திவிட்டாள். நம்மிடம் சொல்லியிருந்தால் நாமே முதல் ஆளாகப் போய் நின்றிருப்போம்.

கடம்பவேளார் எண்ணெய் தேய்த்து உள்ளே போனார். நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய் வழிய வெளியே வந்தார்.

“ஏம்மா, நான் செத்துட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?”

“ஐயா?”

“கொள்ளி வைக்கிறதுக்கு முன்னால தோள்ல தூக்கிச் சுத்துற குடத்துலதான் ஓட்டை போடுவாங்க. உசிரோட நிக்கிறவன் தலைக்கு மேல தொங்க விட்டிருக்கியே.”

“அதுக்கு மூணு ஓட்டைதாங்கய்யா. இதுக்கு எழுபத்திரண்டு.”

விடை உண்மைதான், ஆனால் அந்நேரத்துக்கு உதவவில்லை. அன்றே அவரிடமிருந்து உமக்கு ஓலை பறந்தது. வெள்ளச்சி செம்பைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தாள். மறுநாள் யாளி முப்பது குடத்தையும் கக்கியது.

மூன்றாம் நாள் விடியலில் கடம்பவேளார் அடிவாரக் கோயிலுக்கு மேலாடையும் பரிவாரமும் இன்றித் தனியே இறங்கினார். திரும்பி ஏறும்போது குடங்களும் ஏறிக்கொண்டிருந்தன. நம் படிகளில் ஒரு வழக்கம் உண்டு: நிறைகுடம் வந்தால் அரசரே ஆனாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவரும் ஒதுங்கினார். ஏறினார், ஒதுங்கினார். பதினேழாம் முறை முழங்கால் வலி தாளாமல், குடத்தோடு வந்த மூக்காயி என்பவளைக் கேட்டுவிட்டார்.

“யார் வீட்டு விசேசத்துக்கும்மா இத்தன தண்ணி?”

“விசேசமெல்லாம் இல்ல தாத்தா. உப்பளநாட்டுத் தூதர் வந்திருக்காராம். முப்பது குடம் ஊத்தினாத்தான் அவருக்கு முதுகு நனையுமாம்.”

“அவ்வளவு பெரிய ஆளா?”

“யாரு கண்டா. யானை கணக்கா இருப்பாருபோல. நீங்க கொஞ்சம் சுவரோட ஒட்டி நில்லுங்க, பின்னால என் நாத்தனா வர்றா. அவளுக்கு ஏழு மாசம்.”

நாத்தனார் கடந்து போனாள். அதன்பின்னும் அவர் நகரவில்லை. கடைசிக் குடம் ஏறும்வரை சுவரோடு ஒட்டியே நின்றார் என்று காவலர் சொன்னார்கள். மேலே வந்ததும் நேரே மண்டபத்துக்குப் போனார்.

“அந்தச் செம்பு எங்க?”

“கழட்டிட்டேங்கய்யா.”

“மாட்டு.”

வெள்ளச்சி நம்பாமல்தான் மாட்டினாள். சுவருக்கு இப்பால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. திருகின் பயனை யாரும் சொல்லாமலே அவர் கண்டுகொண்டார் என்று அவளுக்குப் புரிந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தாலாட்டுப்போல ஏதோ ஒரு பாட்டு கேட்டது. உம் தூதர் பாடுவார் என்பதை இதுவரை எம்மிடம் சொல்லாதது ஏன், அம்மானே?

மறுநாள் முதல் எட்டுக் குடம்தான் மண்டபத்துக்கு ஏறியது. மற்ற இருபத்திரண்டும் கீழத்தெருவுக்குப் போயின. ஏழு மாதக்காரி படி ஏறவில்லை.

அந்நிலையில்தான் உம் ஓலை வந்தது. உப்பு நின்றால் ஊறுகாயும் கருவாடும் கெடும், கால்நடையும் மெலியும் என்று அமைச்சர்கள் எடுத்துரைத்தார்கள். ஒருத்திதானே, அனுப்பிவிடலாம் என்று ஒருவர் கூறினார். அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கு இப்போது வெட்கமாயிருக்கிறது. அப்போது வெள்ளச்சியே கையில் மூட்டையோடு அவைக்கு வந்தாள்.

“ஒருத்திக்காக ஊருக் கஞ்சியெல்லாம் உப்பில்லாம கெடக்கணுமா தாயே? நான் போயிட்டு வர்றேன்,” என்றாள். வருவேன் என்றாளே தவிர, மூட்டையில் ஒரு மாற்றுச் சேலைகூட இல்லை.

கடம்பவேளார் எழுந்தார். “தப்பா எழுதினது நான். அத எங்க ராசாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தன நாளா முழிச்சுட்டிருக்கேன்,” என்றார். பிறகு வெள்ளச்சியின் பக்கம் திரும்பி, “நீ உக்காரும்மா,” என்றார். அவையில் தூதர் நிற்க, அவள் உட்கார்ந்தாள்.

ஆகவே அம்மானே, வெள்ளச்சியை அனுப்ப மாட்டோம். அவளுக்குப் பதிலாக அம்பலவன் புதிதாக வார்த்த எழுபத்திரண்டு கண் செம்பு ஒன்றை இவ்வோலையோடு அனுப்புகிறோம். சுற்றிலும் கடலிருந்தும் உம் அரண்மனைக்குக் குளிக்கும் நீர் ஐந்து காதம் வண்டியில் வருகிறது என்பதைச் சிறுமியாக உம் மடியிலிருந்தபோதே கண்டிருக்கிறோம். அச்செம்பை மாட்டி ஒருநாள் அதன்கீழ் நின்று பாரும். நாமும் பத்து நாளாக அதன்கீழ்தான் நீராடுகிறோம். ஓட்டைக் கலத்தில் நீராடியவர் செத்தவர் என்றால், இவ்வோலை யார் விடுத்தது?

இதன் கீழ் உம் தூதரும் தம் கையால் ஒப்பமிட்டிருக்கிறார். நீராடிய ஈரத்தோடு வந்து குனிந்ததால், அவர் பெயருக்கு மேல் ஒரு சொட்டு விழுந்து, எழுத்தில் தடவிய மை கலைந்திருக்கும். பொறுத்தருள்க.

இவ்வோலை கண்ட நாள்முதல் உப்பு வண்டிகள் கணவாய் கடப்பனவாக. இனி நம் மண்டபத்தில் எவர்க்கும் எட்டுக் குடமே மரியாதையாக. வெள்ளச்சி தன் மூட்டையை அவிழ்க்கக் கடவள்.

யாண்டு மூன்று, பங்குனி இருபத்தாறில் யாளி முத்திரை இட்டது.

செங்கோதை நாச்சியார்.
இப்படி அறிவேன், கடம்பவேளான்.