உள்ளங்கையில் ஒட்டிய நம்பர்

இன்று காலை பாக்கார் ஆராங் ஊரில் நம் மகன் வீட்டில் பேரன் ஒரு பொம்மை விமானத்தோடு உட்கார்ந்திருந்தான். அதில் ஒட்டக் கடையில் வாங்கிய தாளிலிருந்து ஓர் எழுத்தை வெட்டிக் கிண்ணத் தண்ணீரில் போட்டான். சற்று நேரத்தில் எழுத்து காகிதத்தை விட்டு நழுவியது. "பாட்டி, பாருங்க, கழண்டு வருது லா!" என்றான். என் கை தானாக மூடிக்கொண்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் நமக்கு இதெல்லாம் எங்கே கிடைத்தது? பால் டின்னை வெட்டி நீங்கள் குட்டி லோரி செய்வீர்கள். எழுத்து என் வேலை. காகிதத்தில் மரவள்ளி மாவுக் கஞ்சி தடவிக் காயவைத்து, மேலே வார்னிஷ் பூசி, அது காய்ந்ததும் நம்பர் எழுதி, அதன் மேல் இன்னொரு பூச்சு. தண்ணீரில் போட்டால் கஞ்சி கரைந்து நம்பர் மட்டும் தோல் மாதிரி தனியே வரும். அடுப்பில் சோறு இல்லாவிட்டாலும் பொம்மைக்குக் கஞ்சி உண்டு என்று உங்கள் கேலி வேறு.

அது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம். நாம் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி. ஆபீஸ் முன்னால் ராணுவ லோரிகள் நிற்கும். வேலைக்குப் போகிற எவர் கண்ணிலும் படும். அவற்றைத்தான் நீங்கள் அச்சு அசலாகச் செய்தீர்கள். அவற்றில் ஒன்றைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் ரோட்டு வளைவில் மறைந்திருந்து சுட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்த வண்டியின் நம்பரைத்தான் நம் பொம்மையின் முன்பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்தோம்.

"அந்த நம்பர் வேணாங்க. வேற ஏதாச்சும் எழுதித் தரேன்."

"பாத்த வண்டிக்குப் பொய் நம்பரா? போ புள்ள. பொம்மையப் பத்தி எவன் வந்து கேக்கப் போறான்?"

கேட்க வந்தார்கள். பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள்கள் கூடும் முன்பே நாய்கள் குரைத்தன, பிறகு சட்டென்று அடங்கின. பின்பக்க நம்பர் அப்போது கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்தது. கதவு இடிபட்டதும் கையை விட்டு அதை அள்ளினேன். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. விரல்களை மூடிக்கொண்டேன்.

வெள்ளைக்கார அதிகாரி அலமாரியிலிருந்த லோரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்த, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, "இந்த நம்பர நீ காட்டுல யாருக்குக் காட்ட எழுதி வச்சேன்னு தொரை கேக்குறாரு" என்றார்.

"யாருக்கும் இல்லீங்க ஐயா. அசலா இருக்கணும்னுதான்."

"யாரு எழுதுனது?"

வயிற்றில் நம் மகன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீர் சொட்டிய என் கையைத்தான் பார்த்தீர்கள். "நான்தாங்க. அவளுக்கு எழுத்தே தெரியாது" என்றீர்கள். தோட்டத்துப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

பிறகு உங்களுக்குத் தடுப்பு முகாம், அதன் பிறகு நாடு கடத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அங்கிருந்து கடைசியில் உங்கள் சாவுச் செய்திதான் வந்தது. மகன் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

உங்களை ஏற்றிய லோரி கேட்டைத் தாண்டும்போது நீங்கள் கை அசைத்தீர்கள். லயத்தில் எல்லோரும் அசைத்தார்கள். அதிகாரி என் பக்கத்திலேயே நின்றார். ஒரு கையால் கதவைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். நம்பர் ஒட்டியிருந்த மறு கையை அவர் முன்னால் திறக்க முடியவில்லை.

பேரன் பள்ளிக்குப் போகும்போது வாசலில் திரும்பிக் கை அசைப்பான். நான் "போயிட்டு வா" என்று வாயால்தான் சொல்வேன். உங்களுக்கு அசைக்காத கையை வேறு யாருக்கும் அசைக்க எனக்கு மனம் வரவில்லை.