புதன்கிழமை அம்புலன்ஸ்

திருகோணமலை
02.02.1997

அன்புள்ள தம்பி ஆனந்தன்,

பத்திரகாளி அம்மன் புண்ணியத்தில் இங்கு நாட்கள் போகின்றன. நீயும் கமலாவும் லண்டனில் குறைவில்லாமல் இருக்க வேண்டும். கமலாவின் பித்தப்பைக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்துவிட்டார்களா? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீயோ அங்கு பெய்யும் மழையைப் பற்றியே எழுதுகிறாய்.

இன்று எழுத உட்கார்ந்தது அத்தானைப் பற்றிச் சொல்லத்தான். பதறாதே. மார்கழி முழுக்க அவருக்கு இளைப்பு. வேலை செய்கிற லோஞ்சுப் படகின் எஞ்சின் அறையிலிருந்து மேலே ஏறுவதற்குள் நடுவில் குந்தி இருந்துவிட்டுத்தான் வருகிறாராம். அவர் சொல்லவில்லை, கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டதாம். வெட்டித்தான் திருத்த வேண்டும். அது கொழும்பில்தான் ஏலும்.

இங்குள்ள டொக்டர் நல்ல பொடியன். தானே கொழும்புக்குக் கதைத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் பங்குனிக் கடைசிக்கு ஓர் இடம் எடுத்துத் தந்திருக்கிறார். புதன்கிழமைகளில் இங்கிருந்து நோயாளர்களை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் போகும். அதிலேயே அனுப்புவார்களாம். எல்லாம் இலவசம்.

எனக்கு ஒரேயொரு கவலை. ஆண்கள் வார்ட்டில் இரவில் என்னை நிற்க விடமாட்டார்கள். அத்தானுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் எஞ்சின் சாமான்களின் பெயர்தான். இரவில் தண்ணீர் விடாய்த்தால் யாரிடம் என்னவென்று கேட்பார்? அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. சல்லி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
புஷ்பவதி


லண்டன்
17.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. கமலா குசினிக்குள் போய் நின்று அழுதாள். எனக்கு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை.

அக்கா, அத்தானை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். இலவசம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இங்கும் கமலாவை இலவசமாகத்தான் பார்க்கிறார்கள். பணிவாகக் கதைப்பார்கள், 'மன்னிக்கவும்' என்று நாலு தரம் சொல்வார்கள், திகதி மட்டும் வராது. ஒரு தரம் வந்தது. அதற்கு முதல்நாள், வேறு அவசரம், பிறகு கூப்பிடுகிறோம் என்று தள்ளிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மழையைப் பற்றி நான் எழுதுவது அதனால்தான்.

நான் நிலம் துடைக்கிற தனியார் ஆஸ்பத்திரியை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். ஆளுக்கோர் அறை. அரபு நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் இதயம்தான். வந்த மறுநாளே வெட்டினார்கள். மனைவிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். போகும்போது நான் துடைத்த நிலத்தில் விறுவிறுவென்று நடந்து போனார். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த மனுசன் நடந்ததுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு போனில் கதைத்துவிட்டேன். பங்குனி நடுவிலேயே செய்வார்களாம். தனியறை. இரவு பகலாக நீங்கள் அத்தானோடு இருக்கலாம். செலவு என் பொறுப்பு, அதைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம். நல்ல வான் ஒன்று பிடித்துக்கொண்டு போங்கள்.

ஏலாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் செத்தவீட்டுக்கே வர முடியாமல் போனவன் நான். இதையாவது செய்ய விடுங்கள்.

உங்கள் தம்பி,
ஆனந்தராசா


திருகோணமலை
05.03.1997

அன்புள்ள தம்பி,

நீ சொன்னபடியே செய்கிறோம்.

டொக்டருக்கு விருப்பமில்லை. "வெட்டப்போறது அதே சேர்ஜன்தான் அம்மா. காலமை அரசாங்கத்திலை, பின்னேரம் தனியாரிலை. கட்டில்தான் வேறை" என்றார். கிடைத்த இடத்தை விடவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றேன். இரவில் அத்தான் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். அந்த ஒன்றை டொக்டரால் தர முடியவில்லை.

எனக்கு ஆசை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். லண்டன் தம்பி தனியறை எடுத்துத் தந்திருக்கிறான் என்று இரண்டு வீட்டில் சொல்லியும் விட்டேன். அத்தான் மறுநாள் உன் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, "ஆனந்தன் ஆசையாக் கேக்கிறான். அவன்ரை முகத்தை முறிக்க ஏலாது. போவம்" என்றார்.

எங்கள் இடத்தைக் கிண்ணியாவைச் சேர்ந்த அபூதாஹிர் என்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கும் இதே இதய வருத்தம்தான். கிளினிக்கில் அவருடைய மனைவி ஸுல்பிகாவும் நானும் ஒரே மர வாங்கில்தான் உட்கார்ந்திருப்போம். செய்தி கேட்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு புண்ணியமும் சேர்த்துச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கமலாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
புஷ்பவதி


திருகோணமலை
26.04.1997

தம்பி,

அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. நீ போன் எடுத்தபோது என்னால் கதைக்க முடியவில்லை. வழியில் முடிந்துவிட்டது என்பதைத் தவிர உனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்கிறேன்.

விடியற்காலை வானில் வெளிக்கிட்டோம். நல்ல வான்தான், மெத்தை போட்டு அவரைச் சாய்த்து வைத்திருந்தேன். ஆனால் வானில் போகிறவர்கள் இராணுவச் சோதனைச் சாவடிகளில் இறங்க வேண்டும் தம்பி. பையைத் தூக்கிக்கொண்டு கம்பி வேலிக்குள்ளால் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய்த்தான் திரும்ப ஏறலாம். இத்தனை வருடமாக பஸ்ஸில் இறங்கி இறங்கி நடந்து எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. கொழும்புக்குப் போவதைப் பற்றி எவ்வளவோ யோசித்தோம். இதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதலாவதில் நடந்துவிட்டார். இரண்டாவதில் பாதியில் குந்தினார். தனியார் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். அரசாங்க முத்திரை இல்லை, வான் என்றால் எல்லோரும் இறங்கத்தான் வேண்டும், தங்களுக்குக் கட்டளை அப்படி என்றார்கள். மூன்றாவதில் எங்களுக்கு முன்னால் பஸ்கள் நின்றன. வெயிலுக்குள் வரிசை. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புஷ்பம், கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றார். இருந்தவர் எழும்பவில்லை. எங்களைச் சோதித்த ஆமிப் பொடியனே தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான். அவனை எப்படித் திட்டுவேன்?

அபூதாஹிர் எங்களுக்கு வைத்திருந்த அந்தப் புதன்கிழமை அதே றோட்டால்தான் அம்புலன்ஸில் போனார். கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போக விட்டார்களாம். ஓரிடத்திலும் இறக்கவில்லையாம். ஸுல்பிகா அந்தியேட்டிக்கு வந்திருந்தாள். அவர் எழும்பி நடக்கிறாரா என்று கேட்டேன். "ஓம் அக்கா, முற்றத்திலை நடக்கிறார்" என்று சொன்னவள், சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைக் கட்டிப்பிடித்தேன். ஆனாலும் எனக்கு அவளைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

புஷ்பவதி


லண்டன்
10.05.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். வேலையிலும் எடுத்து வாசிக்கிறேன். இவ்வளவையும் உங்களைத் தனியே பார்க்க வைத்துவிட்டேன்.

அக்கா, என்னில் கோபமா? ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

கமலாவுக்கு இன்னும் திகதி வரவில்லை. நான் வேலை செய்யும் இடத்திலேயே குறைந்த செலவில் செய்யலாம் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எனக்கு முடிவெடுக்கப் பயமாக இருக்கிறது. தனியாருக்குப் போவதா, காத்திருப்பதா என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதையே செய்கிறேன்.

உங்கள் தம்பி,
ஆனந்தராசா


திருகோணமலை
02.06.1997

தம்பி,

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். நீ அன்பில்தான் செய்தாய் என்பதும் தெரியும். அது தெரிந்திருந்தும் கோபம் போகவில்லை. என் மேலும் கோபம்தான். பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்தில்தான் இருந்தேன்.

கமலாவின் விசயத்தை என்னிடம் கேட்காதே. இனி ஒருவருக்கும் நான் ஆஸ்பத்திரி சொல்ல மாட்டேன்.

தபால்காரர் உன் கையெழுத்தைக் கொண்டு வந்து தரும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. கொஞ்சக் காலம் எழுதாமல் இரு. மனம் வந்தால் நானாக எழுதுவேன்.

புஷ்பவதி


லண்டன்
23.11.1997

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இத்தனை மாதம் எழுதவில்லை. இந்த ஒன்றை எழுதாமல் இருக்க ஏலவில்லை. பதில் போட வேண்டாம்.

முதலில் நல்ல செய்தி. கமலாவுக்குக் கல் எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டாள், கஞ்சி குடிக்கிறாள். உங்களைத்தான் கேட்கிறாள்.

நான் அவளைத் தனியாருக்கும் கொண்டு போகவில்லை, திகதி கேட்டு அலையவும் இல்லை. எதைச் செய்யவும் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். போன கிழமை காலையில் வலி தாங்காமல் நிலத்தில் விழுந்தாள். போன் எடுத்தேன். நான் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அம்புலன்ஸ் வாசலில் நின்றது. இலவச ஆஸ்பத்திரியின் அம்புலன்ஸ்தான், நான் உங்களுக்குக் குறை சொல்லி எழுதினேனே, அதே ஆஸ்பத்திரி. அவளைத் தூக்குப் படுக்கையில் கிடத்தி ஏற்றினார்கள். ஒருவரும் அட்டை கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தேன்.

எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம் அக்கா. றோட்டு நிறைய வாகனம். யன்னல் கண்ணாடியூடாகப் பார்த்தேன். பஸ், லொறி, கார் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றன. உள்ளே யார் கிடக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே வழி விட்டார்கள். அப்போதுதான் நான் அழத் தொடங்கினேன். கமலா தனக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்த வலிக்குள்ளும், "எனக்கு ஒண்டுமில்லையப்பா, அழாதேங்கோ" என்றாள்.

ஏன் அழுதேன் என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அத்தானை அந்த வெயிலுக்குள் இறக்கி நடக்க வைத்தது ஆமிக்காரர் இல்லை அக்கா. இங்கிருந்துகொண்டு நான்தான் நடக்க வைத்தேன்.

உங்கள் தம்பி,
ஆனந்தராசா