பஸ் கேட்டு வாங்கிய கையெழுத்து

என் ஆசை மாமாவுக்கு,

இந்தப் பங்குனியோடு நீங்க போய் ரெண்டு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்குப் படம் போட்டு, கீழே நாலு வரி கண்ணீர் எழுதி நோட்டீஸ் அடிப்பார்கள். நான் இந்தக் கடிதத்தை அடிக்கக் கொடுத்திருக்கிறேன். போளூர் அச்சகத்துக்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாக்கா இது, அப்படியேவா போடச் சொல்றீங்க?" என்றார். "ஒரு எழுத்து வுடாம போடுங்க. கீழ என் பேரும் பெருசா இருக்கட்டும்" என்றேன்.

முதலில் சேதி. காசி இப்போது கட்சியிலேயே இல்லை. மலை ஒன்றியத்துக்குக் கட்சிச் செயலாளர் நான்தான். மைக்கைப் பார்த்தாலே உனக்குத் தொண்டை அடைச்சுக்கும்னு கிண்டல் பண்ணுவீங்களே? இப்போது அடைப்பதில்லை மாமா.

விஷயம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருஷம் இந்த மலையில் கட்சி என்றால் சடையன்தான், நீங்கதான். எதிர்க்கட்சியாக இருந்தபோது ஊர் ஊராக நடந்து கொடி ஏற்றியது நீங்க. நீங்க ஒன்றியச் செயலாளர், காசி உங்களுக்குத் துணைச் செயலாளர். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அண்ணி, இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டு வருவான். அவனுக்குப் பிடிக்குமென்று எத்தனை நாள் நான் சாமைச் சோற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆட்சிக்கு வந்தோம். வந்த பிறகுதான் நம் ஆட்களுக்குள்ளேயே சண்டை. அமைச்சர் வந்த கூட்டத்தில் நீங்க எழுந்து, "மலைக்கு ரெண்டு பஸ் வுடுறோம்னு சொல்லித்தான் ஓட்டு கேட்டோம். பஸ் எங்கீங்க?" என்று கேட்டீங்க. மாவட்டச் செயலாளர் முகம் கறுத்துப்போனது. எல்லாரும் அவரை 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஏதோ மாவட்டமே அவர் வீட்டுச் சொத்து மாதிரி. "அமைச்சர் முன்னாடி மானத்த வாங்கிட்டாரு" என்று அன்றைக்கே சொன்னாராம். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் காசி.

அடுத்த வாரம் அவன் ஜீப் எடுத்துக்கொண்டு பதினாலு ஊருக்கும் போனான். கிளைச் செயலாளர்களிடம் வெற்றுத் தாளை நீட்டி, "பஸ் கேட்டு மனு கொடுக்கறோம், கையெழுத்துப் போடு" என்றான். பஸ் என்றால் யார்தான் போடமாட்டார்கள்? அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே என்ன எழுதினான் தெரியுமா? தேர்தலில் சடையன் நம் வேட்பாளருக்கு எதிராக உள்ளடி வேலை பார்த்தார் என்று.

உங்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் காசியைப் போட்ட செய்தியை நீங்க கட்சிப் பத்திரிகையில்தான் பார்த்தீங்க. டீக்கடையில் நின்று படித்துவிட்டு வந்து, "வள்ளி, என்னை எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னீங்க. அதற்குப் பிறகு கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பயமிருந்திருக்காது.

சந்தவாசல் கல்யாணத்தை எப்படி மறப்பேன்? பந்தியில் உட்காரப் போன உங்களைக் காசி எல்லார் முன்னாலும் நிறுத்தினான். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. கட்சில இல்லாதவங்க கரை வேட்டி கட்டக் கூடாது" என்றான். இலை போட்டுக்கொண்டிருந்தவன்கூட அப்படியே நின்றுவிட்டான். நீங்க சாப்பிடாமலே என்னைக் கூட்டிக்கொண்டு ஜீப் ஏறினீங்க. வழியெல்லாம் மடியில் துண்டை விரித்து வேட்டிக் கரையை மறைத்துக்கொண்டே வந்தீங்க. நான் வெளியே பார்க்கிற மாதிரி இருந்தேன். எல்லாம் பார்த்தேன் மாமா.

எட்டு மாசம். சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. புளி உலுக்கப் போன இடத்தில் மரத்தடியில் சாய்ந்தீங்க. மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். எனக்கு அந்த வார்த்தை போதவில்லை.

மாலையோடும் கட்சிக்கொடியோடும் வந்து நின்றான் காசி. போட்டோ எடுக்க ஆள் கூட்டி வந்திருந்தான். உங்க மேலே கொடியைப் போர்த்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைச் செருப்பால் அடிக்க என் கை துடித்தது. அடித்திருந்தால் புருஷன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், அதோடு முடிந்துபோகும். அதனால் நானும் அவன் தோளில் சாய்ந்து அழுதேன். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே வேஷம் அது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கிளம்பினேன். பதினாலு ஊர், பாதிக்கு மேல் நடைதான். முதலில் கிளைச் செயலாளர் வெள்ளையன் வீடு. "நீ இன்னாத்துக்கு கையெழுத்துப் போட்டேன்னு எனக்குத் தெரியணும்" என்றேன். உங்களை நீக்கிய கடிதத்தோடு பிறகு தபாலில் வந்த மனு நகலைக் காட்டினேன். ரெண்டு தடவை படித்தான். "வெத்துத் தாளுதான் நீட்டுனான்க்கா. பஸ்ஸுக்குன்னு சொன்னான். எம் புள்ளைங்க மேல சத்தியம்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நடந்ததை நடந்தபடி அவன் கையாலேயே எழுதி வாங்கினேன். பதினாலு பேரிடமும் அப்படியே வாங்கினேன்.

வாங்கியும் ஒரு வருஷம் பெட்டியில் வைத்திருந்தேன். நேரம் வரட்டும் என்றுதான். எம்.எல்.ஏ. சீட்டுக் கேட்கப் போவதாகக் காசி ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். அந்த சீட்டை மாவட்டம் தன் மகனுக்கு வைத்திருந்தார். அதுதான் நேரம்.

மாவட்டத்தின் வீட்டுக்குப் போய் அந்தப் பதினாலு தாளையும் மேசைமேல் வைத்தேன். அவர் படிக்கவேயில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, "இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். "சடையன் நல்ல மனுசன். ஆனா வளைய மாட்டாரு. காசி வளைஞ்சான். இப்ப அவனும் நிமிர்றான்."

தெரியும். தெரிந்தே உங்களை வெளியே அனுப்பியிருக்கிறார். அந்த இடத்திலேயே கத்தியிருந்தால் ரெண்டு பேரும் தப்பித்திருப்பார்கள். "நீங்க இன்னா சொன்னாலும் சரிங்கண்ணா" என்று கும்பிட்டேன். இவளும் வளைவாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவரே கூட்டிய ஒன்றியக் கூட்டத்தில் பதினாலு பேரும் ஒவ்வொருத்தராக எழுந்து சொன்னார்கள். காசி முதலில் சிரித்தான். பிறகு மாவட்டத்தின் முகத்தைப் பார்த்தான். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "அண்ணி, நீங்களா?" என்றான். "நாந்தான்" என்றேன். அவனை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள். உங்க மேல் விழுந்த பழியைத் துடைத்து ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். "செத்தவருக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?" என்றார் மாவட்டம்.

போன மாசம் காசி பெண்டாட்டி வந்தாள். வாசலிலேயே நின்றாள். "அக்கா, அவரு சாப்புடவே மாட்றாரு. யாருகிட்டயும் பேச மாட்றாரு. ஒரு வார்த்த சொல்லி சேர்த்துக்குங்க" என்று அழுதாள். அவள் என்ன பாவம் செய்தாள் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும், "எங்க மாமாவும் அப்படித்தாம்மா இருந்தாரு, எட்டு மாசம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நீங்க இருந்திருந்தால் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருப்பீங்க. நான் நீங்க இல்லையே. சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம் மாமா, சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

காசி வெறும் ஏவலாள்தான். தெரிந்தே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிய மாவட்டம் இன்னும் மாலை வாங்கிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை அவரும் படிப்பார். படிக்கட்டும். டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னதை இல்லை என்று சொல்லட்டும். என்னையும் நீக்கப் பார்ப்பார்கள், தெரியும். எனக்கு அந்தப் பொறுப்பு எதற்கு? இதைச் சொல்ல ஒரு மேடை வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டேன்.

மாவட்டப் பதவிக்குக் கட்சிக்குள் தேர்தல் வருகிறது. மலையை விட்டால் அவருக்குக் கணக்கு தேறாது. பதினாலு ஊரும் என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறது. நான் உங்களுக்குக் கொடுக்கிறேன்: அவர் கும்பிட்டுக்கொண்டே மலையேறி வருவார், ஒவ்வொரு வாசலிலும் நிற்பார், ஒரு கைகூட அவருக்காக உயராது. அதை எண்ணிப் பார்க்க முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

உங்க அக்கா மகள், உங்க பெண்டாட்டி,
வள்ளியம்மா