ரோஜா லோஷனும் வண்டுகளும்

மகாராணிக்கு,

அடுப்பில் கைவைத்துச் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

கையரிப்பு தாங்காமல் நேற்று என்மேல் எரிந்து விழுந்தாயே, அதனால் விடிந்ததும் மருந்துக்கடைக்கு ஓடினேன். நீ கேட்ட ரோஜா வாசனை லோஷனைத் திறந்தேன். ஊரிலுள்ள வண்டெல்லாம் கடைக்குள் வரிசையில் நின்றுவிட்டன. கடைக்காரர் அலறினார்:

"பெரியவரே, மூடுங்க! எக்ஸிமா தோலுக்கு வாசனையே ஆகாது. பிசுபிசுன்னு இருந்தாலும் பரவாயில்லன்னு, வாசனையில்லாத களிம்பா எடுத்துட்டுப் போங்க!"

அதுதான் மேஜைமேல் இருக்கிறது. குளித்ததும் ஈரம் காயுமுன் பூசிக்கொள். தோசைமாவு வெளியே இருக்கிறது, நீயே கரைக்காதே, கை எரியும். முடிவெட்டப் போகிறேன். கோபத்தில் உள்தாழ்ப்பாள் போட்டுவிடாதே.

பி.கு.: மேஜைமேல் இருக்கும் அந்த டப்பா கடையில் நான் வாங்கியதல்ல; போன மாதம் நீயே வாங்கி, வாசனையில்லை என்று அலமாரிக்குள் தள்ளியது.