சாதகத்தில் இல்லாத பக்கம்

3.3.97, திங்கள்

மீன்காரன் சூடை என்று சொல்லிச் சாளையைத் தந்துவிட்டான். முகம் நினைவிருக்கிறது.

பேத்தி நேசமலருக்கு வேலை கிடைத்திருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோர். கம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுத வேண்டுமாம். அடுத்த திங்கள் சேர வேண்டும். என் தமையன் தியாகராசா கண்ணாடி போட்டுக் கடிதத்தை வாசித்தார். "டைப் அடிக்கிறதெண்டாப் போகட்டும். இது ஆம்பிளையளின்ர மூளை வேலை."

என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்ததும் இதே வாய்தான். "பெட்டைக்கு என்னத்துக்குக் கணக்கு?" அன்று நீலக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். பொத்தான் ஒன்று இல்லை.

4.3.97

வேலைக்குப் போனால் வேறு அறை பார்க்கட்டுமாம், அண்ணர் சொல்கிறார். வெள்ளவத்தையில் இது அவர் வீடு. நாங்கள் இங்கே தங்க எங்கள் பெயரைப் பொலிசில் பதிந்ததும் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தனிப் பெட்டைக்கு இந்தக் காலத்தில அறை ஆர் குடுப்பினம்? தாய் தகப்பனும் அங்கே, சண்டையால் பாதையும் பூட்டு. பிள்ளை சாப்பிடவில்லை. நானும்தான் — இரண்டு வாழைப்பழம் தவிர.

7.3.97, வெள்ளி

அண்ணர் கொட்டாஞ்சேனைக்குப் போய் நமசிவாயம் சாத்திரியாரைக் கேட்டு வந்தார். சாத்திரியார் இப்போது கையால் கணிப்பதில்லை. கம்பியூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பிறந்த நேரத்தைத் தட்டுவார். சாதகம் அச்சாகி வரும். நேசமலரின் சாதகத்தில் புருசன் பக்கம் உண்டு, பிள்ளைகள் பக்கம் உண்டு, தொழில் பக்கம் இல்லை.

"பாத்தியே தங்கச்சி, மெசினே சொல்லுது!"

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாத்திரியாருக்கு அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்ததே இவள்தான். பெண் சாதகத்துக்குத் தொழில் வேண்டாம், புருசனை நீட்டு என்றாராம்.

"நீயும் எழுதினியோடி?"

"அவர் கேட்டதை எழுதினன் அம்மம்மா."

அண்ணருக்குச் சொன்னால் நம்புகிறாரா? "பொம்பிளைப்பிள்ளை எழுதி மெசின் கதைக்குமோ?" பிறகு பிள்ளை சிரிக்கவில்லை. அறைக்குள் போய்ப் பெட்டி அடுக்குகிறாள். எங்கே போவாள்?

8.3.97

ஒரு யோசனை. எழுத மாட்டேன். அண்ணர் மேசைப்பக்கம் வந்து போகிறார்.

9.3.97, ஞாயிறு

பஸ்ஸில் கொட்டாஞ்சேனை. வழியில் ஆமிக்காரர் இறக்கி ஏற்றினார்கள். சாத்திரியாரிடம் நேசமலரின் நாள், நேரம், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னேன். பெயர் மட்டும் நேசராசா.

"பெடியனோ, அம்மா?"

"ஓம், பெடியன்." பிள்ளையாரே, பொறுத்துக்கொள்.

கரகரவென்று அடித்தது. தொழிலுக்கு மட்டும் மூன்று தாள்! எந்திரங்களை ஆள்வான், பலர் இவன் சொற்படி நடப்பர். சமையலில் கெட்டிக்கார மனைவியும் அமைவாளாம்.

அண்ணர் வாசித்து முகம் மலர்ந்தார். "அருமையான சாதகம்! ஆரின்ர பெடியன்? எங்கட ஜெகதீஸ்வரிக்குக் கேட்டுப் பாப்பமே?" ஜெகதீஸ்வரி பொரளையிலிருக்கும் அவருடைய பேத்தி.

"முதல்ல பிறந்த நேரத்தைப் பாருங்கோ."

நேசமலரின் தாளைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நாள். ஒரே நேரம். கட்டத்தில் ஒரே கிரகங்கள். அண்ணர் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"நான் சொல்லேல்லை அண்ணை, மெசின்தான் சொல்லுது." வாய்க்குள் என்ன ருசி!

அவர் எழும்பி அறைக்குள் போய்விட்டார். பிள்ளை என் காதுக்குள்: "அம்மம்மா, சாதகத்தில இருக்கிற அந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் வேலைக்குப் போனா ஆர் சமைக்கிறது?"

10.3.97

பிள்ளை வேலைக்குப் போனாள். கேற்றைத் திறந்துவிட்டது அண்ணர். பெட்டி மறுபடி கட்டிலுக்குக் கீழே.

22.4.97

பின்னேரம் அண்ணர் குசினி வாசலில் வந்து நின்றார். இந்த வீட்டில் அவர் குசினிப் பக்கம் வந்து நான் கண்டதில்லை.

"தங்கச்சி, ஜெகதீஸ்வரி இந்த வருசம் யூனிவெர்சிற்றிக்குப் போற சோதனை எடுக்கிறாள்..."

"ஓம்."

"கொட்டாஞ்சேனைக்குப் போனியெண்டா, அவளின்ர நேரத்தையும் ஒருக்கால் குடுத்துப் பார்." குரலைத் தாழ்த்தினார். "பெடியன் எண்டு சொல்லு."

சரி என்றேன். தேத்தண்ணியும் கொடுத்தேன்.

சீனி போடவில்லை.