தூதர் வெட்டிய பீன்ஸ்

அன்புத் தங்கச்சி,

ருவாண்டாவுக்கு வரட்டுமா என்று இத்தனை வருஷத்தில் முதன்முறையாகக் கேட்டிருக்கிறாய்! குன்று முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

நேற்று உமுகாண்டா. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊர்வேலைக்கு, நீ இருக்கும் நாட்டின் தூதரே மண்வெட்டியோடு வந்துவிட்டார். கேமராவைப் பார்த்தபடியே என் பீன்ஸ் செடிகளை வெட்டினார். என் வாய் சும்மா இருக்குமா?

"ஐயா, அன்னைக்கு, தொண்ணூத்து நாலு படுகொலையில, எங்களை விட்டுட்டு ஓடுனீங்க. இன்னைக்கு பீன்ஸையாச்சும் விட்டுட்டுப் போங்க!"

மொழிபெயர்ப்பாளர் திருதிருவென விழிக்க, ஊரே சிரித்தது. என்னோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன், அப்போது நம் அண்ணனைக் கொன்றதற்காகச் சிறைக்குப் போய்வந்த அடுத்த வீட்டு முன்யானேசா. ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் சட்டென நிறுத்திக்கொண்டோம்.

"தங்கச்சி வந்தா, நான் வேற பாதையில போய்க்கிறேன் அக்கா" என்றான், மண்ணைப் பார்த்தபடி.

அவன் எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதை நீயே வந்து சொல்.

உன் வாயாடி அக்கா